அம்மாவை ஆங்கிலத்தில் எழுதுவது – கடிதம்

வணக்கம் சார்,

எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். வேலூரில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வெளிநாட்டு வேலைக்காக ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்ற மூன்றிலும் 7 வந்துவிட்டது. ரைட்டிங் மட்டும் 6-லேயே நிற்கிறது, 6.5 வேண்டும். கோச்சிங் சென்டரில் "பார்ட்டிசிபிள் கிளாஸ் போட்டு எழுதினால்தான் அட்வான்ஸ்ட் இங்கிலீஷ்" என்கிறார்கள் ('ஒர்க்கிங்', 'ஹேவிங்' போன்ற வினையெச்சத்தோடு வரும் தொடர்). நான் போட்டால் சிவப்பு மையில் சுழித்துத் தருகிறார்கள். ஏன் தப்பு என்று கேட்டால் "டேங்லிங்" என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது.

ரோல் மாடல் பற்றிய கட்டுரையில் நான் எழுதிய இரண்டு வாக்கியங்கள்:

"ஒர்க்கிங் டே அண்ட் நைட், அவர் (our) ஃபேமிலி வாஸ் சேவ்ட் பை மை மதர்."

"மை ஃபாதர் டையிங், ஷி ஸ்டார்ட்டட் பீடி ஒர்க்."

அப்பா போனபோது நாங்கள் மூன்று பிள்ளைகள். அம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்கவைத்தார். ஏஜென்ட் பீடியைக் கழித்துப் போட்டால், கழித்ததைத் தன் கண்முன்னே எண்ணச் சொல்லி, எண்ணி முடிக்கும்வரை அங்கேயே நிற்பார். ஆனால் சென்டரில், அம்மா வேண்டாம், அப்துல் கலாம் என்று எழுது, அதற்கு வொக்காபுலரி தயாராக இருக்கிறது என்கிறார்கள். இன்ஸ்பைரிங், கிரேட், ஹார்ட்ஒர்க்கிங் இந்த மூன்றைத் தவிர எனக்கு வேறு சொல்லும் வருவதில்லை. என்ன செய்யலாம் சார்?

(பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவைப் பற்றியே எழுதுங்கள். ரைட்டிங்கில் கட்டுரை கேட்கும் டாஸ்க் 2 வினாவிலேயே, சொந்த அறிவிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ உதாரணம் தரும்படி அச்சடித்துத்தான் கொடுக்கிறார்கள். மனப்பாடம் செய்த பத்தியைத் திருத்துபவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கு மதிப்பெண்ணும் குறையும். கலாம் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. ஆனால் அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது உங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கழித்த பீடியை எண்ணவைத்த பெண்ணைப் பற்றி உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இலக்கணத்துக்கு வருகிறேன். பீடி எப்படிச் சுற்றுவது என்று அம்மாவைக் கேட்டுப்பாருங்கள். "இலைய நனைச்சி, வெட்டி, தூள வெச்சி, சுத்தி, நூலக் கட்டி, வாய மடிச்சி அடுக்குவேன்" என்பார். நனைத்ததும் வெட்டியதும் சுற்றியதும் அடுக்கியதும் ஒரே ஆள். யார் செய்தது என்று ஒவ்வொரு வினைக்கும் சொல்ல வேண்டியதில்லை, கடைசி வினையில் வரும் 'ஏன்' விகுதி எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்றுக்கொள்கிறது. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்துக்குத் தொல்காப்பியம் வினையியலில் வைத்திருக்கும் விதி இது: எச்சத்தைச் செய்தவரே முற்றையும் செய்ய வேண்டும். ஆங்கிலப் பார்ட்டிசிபிள் கிளாஸும் இதே விதியில்தான் நிற்கிறது. கமாவுக்குப் பிறகு எந்த எழுவாய் நிற்கிறதோ, கமாவுக்கு முன்னால் உள்ள வினையைச் செய்தது அதுதான்.

இப்போது உங்கள் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். கமாவுக்குப் பிறகு நிற்பது 'அவர் ஃபேமிலி'. அப்படியானால் இரவு பகலாக உழைத்தது குடும்பம் என்றாகிறது. வினை தன்னைச் செய்தவரோடு சேராமல் இப்படித் தொங்குவதைத்தான் 'டேங்லிங்' என்கிறார்கள். உழைத்த அம்மாவை 'பை மை மதர்' என்று வாக்கியத்தின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டீர்கள். செயப்பாட்டு வினையில் எழுதினால் தரம் கூடும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். இந்த இடத்தில் அது அம்மாவின் உழைப்பையே பறித்துவிட்டது. "ஒர்க்கிங் டே அண்ட் நைட், மை மதர் கெப்ட் த ஃபேமிலி டுகெதர்" என்று எழுதிவிடுங்கள், தீர்ந்தது.

இரண்டாவது வாக்கியத்தின் தவறு தமிழிலிருந்து வருவது, கவனமாகப் பார்க்க வேண்டியது. "மழை பெய்து ஏரி நிரம்பியது" என்கிறோம். பெய்தது மழை, நிரம்பியது ஏரி. ஒன்று மற்றதற்குக் காரணம் என்பதால் தமிழ் இதை ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் அப்பாவின் மரணத்தையும் அம்மாவின் வேலையையும் ஒரே மூச்சில் கோத்துவிட்டீர்கள். ஆங்கிலத்தில் இப்படி இரண்டு எழுவாய் வைக்க வழி இல்லாமல் இல்லை. "த ரெயின் ஹேவிங் ஸ்டாப்ட், வீ லெஃப்ட்" என்று எழுதுவார்கள். ஆனால் அதில் பழைய புத்தக வாடை அடிக்கும், உங்கள் கட்டுரைக்கு வேண்டாம். அம்மாவையே எழுவாயாக வைத்து யோசியுங்கள். மூன்று பிள்ளைகளோடு தனித்து விடப்பட்டவர் யார்? அம்மா. பீடி வேலையைக் கையில் எடுத்தவர்? அவரேதான். "லெஃப்ட் வித் த்ரீ சில்ட்ரன் ஆஃப்டர் ஹர் ஹஸ்பண்ட்ஸ் டெத், மை மதர் டுக் அப் பீடி ரோலிங்." இங்கே 'லெஃப்ட்' என்பது பாஸ்ட் பார்ட்டிசிபிள், ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்ல வருவது.

எப்போது 'இங்', எப்போது 'ஹேவிங்' என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்த சுழிப்பு அங்கேதான் விழும். நம் வடார்க்காட்டுப் பேச்சிலேயே அதற்கு விடை இருக்கிறது. "பாடிக்கினே சுத்தினாங்க" என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது, அது 'இங்'. "சுத்திட்டு பஸ் ஏறினாங்க" என்றால் ஒன்று முழுதாக முடிந்து மற்றது தொடங்குகிறது, அது 'ஹேவிங்'. "தூங்காம சுத்தினாங்க" என்பதற்கு 'விதவுட் ஸ்லீப்பிங்'. "இன்னா பண்றதுன்னு தெரியாம" என்பதற்கு 'நாட் நோயிங் வாட் டு டூ'. எழுதுவதற்கு முன் வாக்கியத்தை வீட்டுப் பேச்சில் ஒருமுறை சொல்லிப்பாருங்கள். கினு வருகிறதா, ட்டு வருகிறதா என்று காது சொல்லிவிடும்.

வேலூரில் இருந்துகொண்டு, சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடரை விட்டுவிட்டு உதாரணம் தேட எனக்கு மனம் வரவில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்ற வாருங்கள் என்று அவரிடம் வந்து கேட்ட கதை உங்களுக்குத் தெரியும். அவர் அப்போது மருத்துவர் இல்லை. மருத்துவரான அவருடைய அப்பாவை, ஆண் என்பதால், அழைத்துப்போக அவர்கள் சம்மதிக்கவில்லை. காலையில் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. இதை என் மாணவர் ஒருவர் "சீயிங் த்ரீ விமன் டை" என்று தொடங்கி எழுதினார். இலக்கணம் சரி, ஆனால் நடந்தது அதுவல்ல. ஐடா அவர்கள் சாவதைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடப் போக முடியவில்லை என்பதுதான் அந்த இரவின் துயரமே. "ஹேவிங் லேர்ன்ட் தட் ஆல் த்ரீ விமன் ஹேட் டைட், ஷி ரிசால்வ்ட் டு பிகம் எ டாக்டர்" என்று இருவரும் சேர்ந்து திருத்தினோம். யார் செய்தது, எது முதலில் நடந்தது என்று உறுதியாகத் தெரியாமல் இந்த வகை வாக்கியத்தை எழுதவே முடியாது. நான் இதை விரும்பிக் கற்றுக்கொடுப்பதும் அதனால்தான். "பார்ன் இன் ராணிப்பேட் இன் 1870" என்று தொடங்கினால் பிறப்பு. "ஹேவிங் கிராஜுவேட்டட் ஃப்ரம் கார்னெல் இன் 1899" என்றால் படிப்பு. 1900-இல் வேலூருக்குத் திரும்பியதும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியதும் முற்று வினையில் வர வேண்டியவை. பெரிய செயலை எச்சத்தில் ஒளித்துவைக்காதீர்கள்.

இன்னொன்று. அம்மா ஆறு எச்சங்களை அடுக்கி மூச்சுவிடாமல் சொல்வார், தமிழுக்கு அது அழகு. ஆங்கிலம் அந்தப் பாரத்தைத் தாங்காது. பத்திக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும்.

சொற்களுக்கு வருவோம். ரோல் மாடல் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன். ஒரு மனிதரை எல்லா வகையிலும் பின்பற்றுவதையும், அவர் ஏற்றிருக்கும் ஓரிரு பொறுப்புகளில் மட்டும் பின்பற்றுவதையும் அவர் பிரித்துப் பார்த்தார். ரோல் மாடல் என்பது இரண்டாவது. உங்கள் கட்டுரைக்கு இது மிகவும் உதவும். அம்மா எதில் உங்களுக்கு ரோல் மாடல்? நர்ஸ் வேலையில் இல்லை. அதிகாரம் உள்ளவர் முன்னால் கூசாமல் நின்று கணக்குக் கேட்பதில். 'கிரேட்' என்ற சொல் அதைச் சொல்லுமா? 'ஷி ஸ்டுட் அப் ஃபார் ஹர்செல்ஃப்' என்பது சொல்லும். குரலை உயர்த்தாமல் கேட்டிருந்தால் 'அஸர்ட்டிவ்'. சண்டை பிடிப்பவரை அப்படிச் சொல்லமாட்டார்கள்.

'பெர்சிவியரன்ஸ்', 'ரெசிலியன்ஸ்' இரண்டையும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் கொடுத்திருப்பார்கள். வருடக்கணக்கில் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தது பெர்சிவியரன்ஸ். அடி விழுந்த பிறகு எழுந்து நடப்பது ரெசிலியன்ஸ். டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தாரே, அதற்கு இந்தச் சொல் முழுதாகப் பொருந்தும். 'லுக் அப் டு' என்றால் மதித்து அண்ணாந்து பார்ப்பது. 'டேக் ஆஃப்டர்' என்றால் குணமோ முகமோ பெற்றவரைப் போல அமைந்திருப்பது. அம்மாவின் பிடிவாதம் உங்களிடமும் இருந்தால் இரண்டாவதையும் தயங்காமல் எழுதலாம். ஒவ்வொரு குணச்சொல்லுக்கும் அம்மா செய்த ஒரு செயலைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். செயல் கிடைக்காத சொல்லை அடித்துவிடுங்கள்.

ஸ்பீக்கிங்கை மறுபடி எழுத வேண்டிவந்தால், வியந்து பார்க்கும் ஒருவரைப் பற்றிப் பேசும்படி கேட்கலாம். தயார் செய்ய ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம் வரை தருவார்கள். அங்கே 'ஹேவிங்' போட்டுத் தொடங்காதீர்கள், எழுத்து நடை வாயில் ஒட்டாது. 'ஆஃப்டர் மை ஃபாதர் டைட்' என்று இயல்பாகத் தொடங்குங்கள். 'இங்' வேண்டுமானால் "ஷி ஸ்பென்ட் எவ்ரி ஈவ்னிங் ரோலிங் பீடிஸ்" என்பது பேச்சுக்கு நன்றாக வரும். பீடி என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தொடருங்கள், எதிரில் இருப்பவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பத்தியைத் திருத்தி எழுதி அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.