அட்டை பளிச், நடுப்பக்கம் காணோம்: பழைய காமிக்ஸ் கேள்வி-பதில்

முத்து, லயன், ராணி, இந்திரஜால் என்று பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் பிரதியின் நிலை, அசல், விலை பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அட்டை புதுசு மாதிரி இருந்ததால் வாங்கிவிட்டேன். படித்தால் கதை நடுவில் தாவுகிறது. கடையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

ஒரு நிமிடம் போதும். மடிப்பில் பின் அடித்த புத்தகம் என்றால், பின்னின் கால்கள் தெரியும் நடு இடத்தைத் திறங்கள். இடமும் வலமும் உள்ள பக்க எண்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். 64 பக்கப் புத்தகத்தில் அவை 32, 33. அங்கே 30-ம் 35-ம் எதிரெதிரே நின்றால் நடுத்தாள் போய்விட்டது. நான்கு பக்கம் நஷ்டம். பின் தளர்ந்தால் முதலில் கழன்று விழுவது இந்தத் தாள்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரே தாளின் இரு பாதிகளில் உள்ள எண்களைக் கூட்டினால் மொத்தப் பக்கத்தைவிட ஒன்று கூடுதலாக வரும்: 1+64, 3+62, 20+45. ஆகவே 45-ம் பக்கம் தொளதொளவென்று ஆடினால் 20-ம் பக்கம் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். அட்டையையும் சேர்த்து எண் போடும் இதழ்களில் உள்பக்க மொத்தத்தோடு நாலைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பக்கவாட்டில் பின் அடித்து முதுகில் பசை போட்டு அட்டை ஒட்டிய குண்டு இதழ்களில் இந்தக் கணக்கு செல்லாது. ஒவ்வொரு தாளாகப் புரட்டத்தான் வேண்டும். கூப்பன் கத்தரித்த இடம் இருந்தால் அந்தத் தாளைத் திருப்பிப் பாருங்கள். மறுபக்கத்துக் கதைப் படமும் அதோடு போயிருக்கும்.

இணையத்தில் விற்பவர்கள் எல்லாருமே 'குட் கண்டிஷன்' என்கிறார்கள். எதை நம்புவது?

அந்தச் சொல்லை நம்பாதீர்கள். அமெரிக்கச் சந்தையில் 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறார்கள். அங்கே 9.4 என்றால் 'நியர் மின்ட்' (கிட்டத்தட்டப் புதுசு), 8 'வெரி ஃபைன்', 6 'ஃபைன்', 4 'வெரி குட்'. 'குட்' என்பது வெறும் 2. நன்றாக அடிபட்ட, ஆனால் படிக்க முடிகிற புத்தகம்.

நம் ஊர்ப் பிரதிகளுக்கு இந்த எண்கள் பெரிதாக உதவாது. சணல் கயிறு அறுத்த தடம், வாடகை நூலக முத்திரை, பால்பாயின்ட் பேனாவில் பெயர் ஆகிய மூன்றும் இல்லாத பிரதி கிடைத்தாலே பெரிது. எண்ணுக்குப் பதிலாகப் படங்கள் கேளுங்கள்: முன்னட்டை, பின்னட்டை, முதுகு, பின் தெரியும்படி விரித்த நடுப்பக்கம், அச்சக விவரம் உள்ள பக்கம், இருப்பதிலேயே மோசமான பக்கம். கடைசிப் படத்தை அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

நேரில் பார்க்கும்போது அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மடிப்பில் மை உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரிந்தால் அது நிரந்தரம். மை உடையாத வளைவு என்றால் நாளடைவில் ஓரளவு படியும். பக்கங்கள் பழுப்பாக இருப்பது பெரிய குறையல்ல. நியூஸ்பிரின்ட்டில், அதாவது செய்தித்தாள் அச்சிடும் மலிவுத் தாளில், உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுக்கத்தான் செய்யும். ஓரத்தில் துணுக்குத் துணுக்காக உதிர்வதுதான் ஆபத்து. புரட்டும்போது மேசையில் தூள் விழுகிறதா என்று பாருங்கள். மூலையை மடக்கிச் சோதிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், சோதனையிலேயே மூலை போய்விடும்.

1972-ல் வந்த முதல் பதிப்பு என்கிறார்கள். மறுபதிப்பா, ஜெராக்ஸா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முத்து காமிக்ஸின் முதல் இதழான 'இரும்புக்கை மாயாவி' 1972-ல் வந்தது. முத்துவின் கதைகள் பிற்பாடு 'காமிக்ஸ் க்ளாசிக்ஸ்' வரிசையிலும் வேறு வடிவங்களிலும் மறுபடி வந்தன. அதனால் கதைப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில் இதழில் அச்சாகியிருக்கும் பதிப்பக முகவரியைப் படியுங்கள். பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதற்கு முந்தைய இதழ் என்று சொல்லப்படுவதில் ஆறு இலக்க எண் இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். அட்டை விலையில் ₹ குறி இருந்தால் 2010-க்கு முந்தையது அல்ல. மின்னஞ்சல் முகவரி, பார்கோடு பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது எழுத்து. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை பொதுவாக லை, னை, ணை, ளை தும்பிக்கை போட்ட வடிவிலும், றா, ணா, னா சுழித்த வடிவிலும்தான் அச்சாயின. எழுபதுகளின் தொடக்கத்து இதழ் என்று காட்டப்படுவதில் வசனம் முழுக்க இன்றைய 'லை' இருந்தால் அது புதிதாக எழுத்துக் கோத்த மறுபதிப்பு. இதைத் தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள். பழைய எழுத்து இருப்பதாலேயே பழைய பிரதி ஆகிவிடாது. பழைய பக்கங்களை அப்படியே படமெடுத்து அச்சடித்தால் எழுத்தும் அப்படியே வரும்.

நகல் என்ற சந்தேகம் வந்தால் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். அச்சகத்தில் ஆஃப்செட் முறையில் அச்சடித்த அட்டையில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், சின்னச் சின்ன வட்டங்களாக அமைந்திருக்கும். இன்க்ஜெட் என்றால் ஒழுங்கில்லாமல் தெளித்த மாதிரி இருக்கும். லேசர் நகலில் டோனர் என்ற மைத்தூள் தாளுக்குள் இறங்காமல் மேலே மினுங்கி நிற்கும். எழுத்தைச் சுற்றிக் கருந்தூள் சிதறியிருக்கும். ரூபாய் நோட்டு பார்க்கும் யு.வி. டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். உள்பக்கத் தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். வெளுப்பூட்டி கலந்த இன்றைய தாள் அப்படித்தான் ஒளிரும், பழைய நியூஸ்பிரின்ட் மங்கலாகவே இருக்கும். தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கிய தாளில் நிறம் நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி இருக்கும். தானாகப் பழுத்தது ஓரத்திலிருந்து உள்ளே போகப்போக வெளிறும்.

அட்டை கிழிந்திருக்கிறது. செலோடேப் ஒட்டலாமா, லேமினேஷன் செய்யலாமா?

இரண்டுமே வேண்டாம். செலோடேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். டேப் உரிந்து விழுந்த பிறகும் கறை போகாது. ஏற்கெனவே ஒட்டியதை வீட்டில் உரிக்க முயன்றால் மையும் சேர்ந்து வரும், விட்டுவிடுங்கள். லேமினேஷன் அதைவிட மோசம், கழற்றவே முடியாது. விலையும் பாதிக்குக் கீழே இறங்கும். கிழிசலை ஒட்டியே ஆக வேண்டுமென்றால் மெல்லிய ஜப்பானியத் திசுத்தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும்: உட்பக்கத்தில் மட்டும், கிழிசலைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமாக. ஒட்டியதும் சிலிகோன் பூசிய பேக்கிங் தாளை மேலும் கீழும் வைத்து, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு ராத்திரி. விற்கும்போது அதைச் சொல்லிவிட வேண்டும்.

பைண்டிங்கும் இதே கதைதான். பத்து இதழைச் சேர்த்துத் தைத்து, மூன்று பக்கமும் கட்டிங் போட்ட தொகுப்பு படிக்க வசதி. ஆனால் ஓரம் வெட்டிய இதழைச் சேகரிப்பாளர் தனிப் பிரதியாக மதிக்க மாட்டார். பிரித்துத் தனித்தனியாக விற்கிறார்களா என்று பார்க்க, அதே வரிசையின் இன்னொரு இதழோடு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பழுத்த தாளில் ஓரம் மட்டும் வெளிறியிருந்தால் அண்மையில் வெட்டியது.

பின் துருப்பிடித்திருக்கிறது. மாற்றலாமா?

துரு தாளுக்குப் பரவத் தொடங்கியிருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அசல் பின்னே இருக்கட்டும். நடுப்பக்கத்தில் மழுங்கிய மெல்லிய தகட்டால் கால்களை நிமிர்த்திய பிறகுதான் வெளிப்பக்கமிருந்து இழுக்க வேண்டும். துருவால் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் கட்டிங் பிளேயரால் இரண்டாக நறுக்கி எடுங்கள். புதுப் பின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக, பழைய துளை வழியாகவே போக வேண்டும். ஸ்டேப்ளரால் புதுத் துளை போட்டுவிடாதீர்கள்.

எதில் போட்டு வைப்பது? பூச்சிக்கு என்ன செய்ய?

பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் கவர், உள்ளே அமிலமில்லாத அட்டை. பி.வி.சி. கவர் கூடாது, அது நெகிழ்ந்து அட்டை மையைப் பிடித்துக்கொள்ளும். ராமபாணப் பூச்சி அரித்த பிரதியை மற்றவற்றோடு சேர்க்கும் முன் ஜிப் கவரில் காற்றை அழுத்தி எடுத்து மூடி, இரண்டு வாரம் ஃப்ரீஸரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுக்கக் கவரைத் திறக்கக் கூடாது, திறந்தால் தாளில் நீர் கோக்கும்.

என்னிடம் ராணி காமிக்ஸ் இருநூறும், அட்டை இல்லாத முத்து சிலவும் இருக்கின்றன. என்ன விலை போகும்?

கேட்கிற விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், கைமாறிய விலையை விசாரியுங்கள். ராணி காமிக்ஸ் பெரிய பத்திரிகைக் குழுமத்தின் வெளியீடு, ஊரெங்கும் கிடைத்தது. தொடக்க இதழ்கள் தவிர மற்றவை மொத்தமாகத்தான் நகரும். அட்டையில்லாத முத்துவுக்கு எங்கள் கணக்கு, முழுப் பிரதி விலையில் பத்தில் ஒன்று. நடுத்தாள் இல்லாமல் அட்டை மட்டும் நன்றாக இருந்தால் அதைவிடக் கூடவே கேட்கலாம், ஏனென்றால் அட்டை இல்லாத பிரதி வைத்திருக்கும் இன்னொருவருக்கு அது தேவைப்படும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டியில் சூப்பர்மேன் அறிமுகமான 1938 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் இருக்கிறது! 10 சென்ட் என்றே போட்டிருக்கிறது.

ஸ்கேல் எடுங்கள். 1974-ல் இதன் பதிப்பாளரான டி.சி. நிறுவனமே இதைப் பெரிய அளவில் மறுபதிப்பாக வெளியிட்டது. அதன் வெளியட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே அசல் அட்டை மாதிரியே இருக்கும். அசல் பத்தரை அங்குல உயரம்தான். உங்களுடையது பதின்மூன்றுக்கு மேல் இருந்தால் 1974 பிரதி.