அழுகை நின்றால்தான் பக்தியா?

கேள்வி: என் கணவர் இறந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. "சாமி பாட்டுக் கேள், மனசு லேசாகிவிடும்" என்கிறார்கள் உறவினர்கள். கேட்டால் அழுகைதான் கூடுகிறது. "உனக்கு நம்பிக்கை போதவில்லை" என்கிறார் நாத்தனார். என் பக்தியில்தான் குறையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை. குறை உங்களுக்கு யோசனை சொல்கிறவர்களின் பொறுமையில். அழுகிறவர் பக்கத்தில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார முடியாதவர்கள்தான் பாட்டைப் போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். உங்கள் நாத்தனாரும் உடன்பிறந்தவரை இழந்தவர்தான்; தன் அழுகையை அடக்க அவருக்குத் தெரிந்த வழி அதுவாக இருக்கலாம். அதற்காக உங்கள் கண்ணீரை அவர் அளக்க வேண்டாம்.

பக்திப் பாட்டெல்லாம் வலி மரத்துப்போக எழுதியது என்று யார் சொன்னது? சுந்தரரைப் பாருங்கள். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரைவிட்டுக் கிளம்பியதும் அவருக்குக் கண்பார்வை போனது என்கிறது பெரியபுராணம். காஞ்சிபுரத்தில் ஒரு கண் கிடைத்தது. இன்னொன்றுக்காகத் திருவாரூரில் போய் நின்றவர் கெஞ்சினாரா? "எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர், நீரே பழிப்பட்டீர்" (எதற்காக என் கண்ணை எடுத்துக்கொண்டீர், பழி உமக்குத்தான்) என்று சிவனிடமே சண்டைக்கு நின்றார். 'மற்றைக் கண்ணையும் தராவிட்டால் நீரே நன்றாக வாழ்ந்துகொள்ளும்' என்று குத்தலும் உண்டு. நான் ஒரு குற்றமும் செய்யவில்லை என்றுகூடச் சொல்கிறார், சத்தியத்தை மீறிய மனிதர்! இந்தப் பதிகம் ஏழாம் திருமுறையில் பத்திரமாக இருக்கிறது. சுந்தரருக்கு நம்பிக்கை போதவில்லை என்று எந்த ஓதுவாரும் அதை ஒதுக்கிவைக்கவில்லை.

வேறு சமயத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் தாமஸ் டார்சி என்று ஒருவர். ப்ளூஸ் என்னும் கறுப்பின மக்களின் இசையைப் பியானோவில் வாசித்துக்கொண்டிருந்து, பிறகு தேவாலயப் பாட்டுக்கு வந்தவர். 1932 ஆகஸ்டில் வெளியூரில் பாடப் போயிருந்த இடத்துக்குத் தந்தி வந்தது: பிரசவத்தில் மனைவி இறந்துவிட்டார். குழந்தையும் தங்கவில்லை. கடவுள் எனக்கு அநியாயம் செய்துவிட்டார், இனி அவருக்குப் பாட்டெழுத மாட்டேன், பழைய தொழிலுக்கே போகிறேன் என்றுதான் அப்போது நினைத்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அடுத்த சில நாட்களில் பியானோ முன் உட்கார்ந்தபோது வந்த பாட்டில் இருப்பது இவ்வளவுதான்: களைத்துவிட்டேன், உடம்பில் தெம்பில்லை, கையைப் பிடித்துக்கொள். மனசு லேசாகிவிட்டது என்று ஒரு வரி கிடையாது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் பாடகி மஹாலியா ஜாக்சன் பாடியது அதைத்தான்.

எனவே பாட்டுக் கேட்டு அழுகை வந்தால் பாட்டு வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதோடு நிறுத்தாமல் பாடியும் பாருங்கள். குரல் எப்படி இருந்தால் என்ன? பாடும்போது மூச்சைச் சட்டென்று இழுத்து, நீளமாக வெளியே விடுகிறோம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். பக்தரா நாத்திகரா என்று உடம்பு விசாரிப்பதில்லை. தொண்டை அடைத்துப் பாட்டு பாதியில் நின்றால் நிற்கட்டும். நாலு பேர் சேர்ந்து பாடும் இடமாக இருந்தால் இன்னும் சௌகரியம், நீங்கள் விட்ட அடியைப் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொண்டு போவார். நடுவில் ஒரு நாள் சாமி மேல் கோபம் வந்து எதையும் பாடப் பிடிக்காவிட்டால், அன்றைக்குப் பாட வேண்டாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் பிடிக்காமல் போனாலோ, இனி எதற்கு இருக்க வேண்டும் என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப்பார்த்தாலோ, பாட்டையும் பிரார்த்தனையையும் மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். அதற்காகப் பாட்டையும் விட வேண்டாம்.