இரண்டாவது எம்எம்ஆர் ஊசி தவறிவிட்டால் முதலிலிருந்து போட வேண்டுமா?

கேள்வி: டாக்டர், மகனுக்கு 15 மாதம். 9 மாதத்தில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் முதல் ஊசி போட்டோம். 12ஆம் மாதம் போனபோது மூக்கு ஒழுகுகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு முட்டை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்தது. இனிப் போடலாமா? தட்டம்மைக்கு மட்டும் தனி ஊசியை வீட்டுக்கே வந்து போடுவதாக ஒருவர் சொல்கிறார். – ஒரு தாய், பட்டர்வொர்த், மலேசியா

பதில்: முதலிலிருந்து வேண்டாம் அம்மா. போட்டது போட்டதுதான். இரண்டுக்கும் நடுவே நான்கு வாரமாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான், கூடிப்போனால் குற்றமில்லை. இந்த வாரமே பதிவுப் புத்தகத்தோடு அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள்.

சளிக்காகத் திருப்பி அனுப்பியதே தவறு. சளியோ இலேசான காய்ச்சலோ இதற்குத் தடையில்லை. சம்பளத்தை இழந்து லீவு எடுத்து வரும் தாயை, 'அடுத்த மாதம் வா' என்று கவுண்டரிலேயே அனுப்பிவிடுகிறார்கள். அந்த அடுத்த மாதம் பலருக்கு வருவதே இல்லை. எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! இனி அப்படிச் சொன்னால் எழுந்து வராதீர்கள், டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

முட்டை ஒவ்வாமை இருந்தாலும் போடலாம். இந்த மருந்தில் முட்டைப் புரதம் இருந்தாலும் மிக மிகச் சொற்பம். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.

தள்ளிப்போட வேண்டிய காரணங்களில் ஒன்று, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து. சிறுநீரகக் கோளாறு போன்றவற்றுக்கு அதிக அளவில் இரண்டு வாரமோ அதற்கு மேலோ வாய்வழி கொடுத்திருந்தால், நிறுத்தி ஒரு மாதமாவது ஆகட்டும். இது பலமிழந்த உயிர்க்கிருமி ஊசி. எதிர்ப்புச் சக்தி அடங்கிக் கிடக்கும்போது போடக்கூடாது. ஆஸ்துமா பம்ப் இந்தக் கணக்கில் வராது. தோலில் தடவும் கிரீமும் வராது. பம்ப் அடிக்கிறான் என்று பயந்து ஊசியைத் தள்ளாதீர்கள்.

வீட்டுக்கே வந்து தனி ஊசி போடுவதாகச் சொல்லும் அந்த ஆளை வாசல்படி ஏற விடாதீர்கள். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். பினாங்கு வெயிலில் கார் பின்சீட்டில் ஐஸ் பெட்டி என்ன பாதுகாப்பு? கெட்டுப்போனதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தனி ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கும் ரூபெல்லாவுக்கும் காப்பு இல்லை. 'தனியாகப் போட்டால் ஆட்டிசம் வராது' என்பதுதான் இவர்கள் வியாபாரப் பேச்சு. அந்தப் பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. 2019இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு 6,57,461 பிள்ளைகளைப் பார்த்தும் எம்எம்ஆருக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு எதையும் காணவில்லை.

அரசு கிளினிக்கில் குடிமக்களின் பிள்ளைகளுக்கு இது இலவசம். ஏற்கனவே அவரிடம் போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாத ஊசியைக் கணக்கில் சேர்க்க முடியாது.