வடித்து வைத்த எண்ணெயில் மறுநாளும் மீன் பொரிக்கலாமா?

உப்புவெளி வாசகி ஒருவர் கேட்கிறார்: “தேங்காய் எண்ணெய் விலைக்குப் பயந்து சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறிவிட்டேன். சூடை மீன் பொரித்த எண்ணெயை வடித்து, புது எண்ணெய் கொஞ்சம் சேர்த்து மறுநாளும் பாவிக்கிறேன். காறல் மணம் வந்தால்தான் கொட்டுவேன். உடம்புக்குக் கெடுதலா?”

வடித்தால் போவது கருகிய தூள்தான். கெட்டுப்போனது எண்ணெயோடு கரைந்தே இருக்கும். சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம் என்ற நிரம்பாத கொழுப்பு. அதன் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவிலுள்ள ஐதரசன் இலகுவில் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் ஒட்சிசன் ஒட்டி, பக்கத்து மூலக்கூறின் ஐதரசனைப் பிடுங்கும்; அது அடுத்ததைப் பிடுங்கும். இப்படிச் சேரும் பெரொக்சைட்டுகள் மறுநாள் சூட்டில் உடைந்து, நீங்கள் ஊற்றும் புது எண்ணெயையும் கெடுக்கும். பாலுக்கு உறைமோர் விட்ட மாதிரித்தான்.

சூடையின் கொழுப்பு இன்னும் இலகுவில் கெடும். அதிலுள்ள டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பமிலத்தில் 6 இரட்டைப் பிணைப்புகள்; பொரிக்கும்போது ஒரு பங்கு எண்ணெயில் இறங்கும். இரும்பு இதை வேகப்படுத்தும். துருப்பிடித்த தாச்சி என்றால் கேட்கவே வேண்டாம்.

பெரொக்சைட்டு உடைந்து வரும் அல்டிகைட்டுகளில் சில, புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுக்கும். ஒன்று அடுத்ததைக் கெடுக்கும் இதே சங்கிலித் தொடர் நம் உடலின் கலச் சவ்விலும் நடக்கிறது, ஏனென்றால் சவ்விலும் நிரம்பாத கொழுப்பு உண்டு. அங்கே விற்றமின் ஈ சங்கிலியை அறுக்கும். ஜிபிஎக்ஸ்4 என்ற நொதியம் பெரொக்சைட்டை அடக்கும். இந்தக் காவல் தவறினால் கலம் செத்துவிடும். இரும்பைச் சார்ந்த இந்தச் சாவுக்கு ஃபெரொப்டோசிஸ் என்று 2012இல் பெயர் வைத்தார்கள்.

அதற்காக இரண்டு துண்டு பொரியல் தின்றதும் ஒன்றும் ஆகிவிடாது. நாள்தோறும் பழைய எண்ணெய் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சின்னத் தாச்சியில் குறைய விட்டுப் பொரித்து, மிச்சத்தை அன்றோடு விட்டுவிடுங்கள். காறல் மணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்: நுரை அடங்காவிட்டால், எண்ணெய் தடித்தால், வழக்கத்துக்கு முன்பே புகைந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. அந்தப் புகையைச் சுவாசிப்பவரும் நீங்கள்தானே, யன்னலைத் திறந்து வையுங்கள். போத்தல் அடுப்பங்கரையில் வேண்டாம், இருட்டான அலுமாரியில் இருக்கட்டும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் சின்னப் போத்தலாக வாங்குங்கள்.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90% நிரம்பிய கொழுப்பு, அதனால் ஒட்சிசன் ஒட்டிக் கெடுவது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் அது கெட்ட கொலஸ்திரோலைக் கூட்டும். பொரிக்க நல்லது என்று அள்ளி ஊற்றாதீர்கள். வாரத்தில் பாதி நாளாவது சூடையைக் குழம்பாகவோ சொதியாகவோ வையுங்கள். அதன் ஒமேகா-3 தாச்சி எண்ணெயோடு போகாமல் சோற்றோடு வரும்.