கேஸ் கிணற்றுக் கழிவும் டவுன்ஷிப் கஜானாவும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் மேற்குப் பென்சில்வேனியாவில், மார்செல்லஸ் என்ற பாறையடுக்கிலிருந்து கேஸ் எடுக்கும் கிணறுகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் கழிவுநீர் சுத்திகரிப்பில் இருப்பவன், அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

சார், கேஸ் கம்பெனிகளிடமிருந்து டவுன்ஷிப்புக்கு (உள்ளூராட்சிக்கு) வருஷா வருஷம் வரும் பணம் வரியா?

இல்லை. 2012இல் வந்த ஆக்ட் 13 சட்டப்படி கிணற்றுக்கு இவ்வளவு என்று வாங்கும் பாதிப்புக் கட்டணம். கிணற்றின் வயது, அந்த ஆண்டின் கேஸ் விலை இரண்டையும் வைத்துக் கணக்கிடுவார்கள். முதல் வருஷம் அதிகம், பிறகு படிப்படியாகக் குறைந்து 15 ஆண்டுகளில் நின்றுவிடும். மாநிலம் முழுக்க 2020ஆம் ஆண்டுக்கான வசூல் சுமார் 14.6 கோடி டாலர். 2022க்கு ஏறக்குறைய 27.9 கோடி.

அண்ணா, இந்தப் பணத்தைக் காட்டி வீட்டு வரியைக் குறைப்பதாகச் சொல்கிறார்கள். நல்லதுதானே?

சட்டம் அதற்கு இடம் தருகிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. இரண்டே ஆண்டுகளில் வசூல் இப்படி ஏறி இறங்குகிறது என்றால், அதை நம்பி மாதச் சம்பளமோ வரிக்குறைப்போ வைக்கக் கூடாது. கனரக லாரிகள் உடைத்த சாலையைப் போடுங்கள், மீதியை மூலதன இருப்பு நிதியில் போட்டுவையுங்கள். அதற்கும் சட்டத்தில் வழி உண்டு.

கேஸ் கிணறு துளையிடும்போது வரும் கழிவு சாதாரணக் குப்பைக் கிடங்குக்கே போகிறதாமே! எப்படி விடுகிறார்கள்?

1988இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எடுத்த முடிவுதான் காரணம். எண்ணெய், எரிவாயுத் துரப்பணக் கழிவுகளை அபாயக் கழிவு விதிகளிலிருந்து அது விலக்கிவிட்டது. துளையிட்டு எடுத்த மண்ணில் கதிர்வீச்சுள்ள ரேடியம் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது அபாயக் கழிவு இல்லை. நியூயார்க் மாநிலம் 2020இல் தன் சட்டத்தில் இந்த விலக்கை எடுத்துவிட்டது. பென்சில்வேனியாவில் இன்னும் எடுக்கவில்லை.

கிடங்கு வாசலில் கதிர்வீச்சுக் கருவி இருக்கிறதே, பிறகென்ன பயம்?

அந்தக் கருவி உள்ளே வரும் லாரியைத்தான் பார்க்கிறது. மழை பெய்து, குப்பைக்குள் இறங்கி, உப்பையும் ரேடியத்தையும் கரைத்துக்கொண்டு அடியில் சேரும் கசிவுநீரை அது பார்ப்பதில்லை. ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும்.

ராஸ்ட்ராவர் டவுன்ஷிப்பில் ஒரு கிடங்கு, துரப்பணக் கழிவையும் வாங்கியது. அதன் கசிவுநீர் பெல் வெர்னன் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. எங்கள் வேலையே பாக்டீரியாவை நம்பித்தான். காற்றுத் தொட்டி நன்றாக ஓடினால் சேறு காப்பிக்கொட்டை நிறத்தில், மழை நனைத்த மண்ணின் வாசனையோடு இருக்கும். பாக்டீரியா செத்துப்போனால் கலங்கிய தண்ணீர் அப்படியே வெளியேறும். அங்கே பாக்டீரியா சாகிறது என்று நிலைய மேற்பார்வையாளரே சொன்னார். அந்த நிலையத்துத் தண்ணீர் போய்ச் சேர்வது மனோங்கஹீலா ஆற்றில். ஃபாயெட், வாஷிங்டன் கவுண்டி (மாவட்ட) அரசு வழக்கறிஞர்கள் வழக்குப் போட்டு, 2019 மே மாதம் கசிவுநீர் அந்த நிலையத்துக்குப் போவதை நீதிமன்றம் நிறுத்தியது.

பணம் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். கிடங்கு இருக்கும் ஊருக்கு, 1988இன் ஆக்ட் 101 சட்டப்படி டன்னுக்குக் குறைந்தது 1 டாலர் கிடைக்கும். ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களுக்கு அதில் ஒரு சென்ட் கிடையாது, தண்ணீர் மட்டும் வந்துவிடுகிறது. இதுதான் என் பெரிய ஆதங்கம். கிடங்குகளின் கசிவுநீரில் ரேடியம் பரிசோதிக்க வேண்டும் என்று 2021இல் ஆளுநர் டாம் உல்ஃப் அறிவித்தார். உங்கள் கிடங்கின் முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் சொந்தத் தண்ணீர்க் கிணறு. பக்கத்தில் கேஸுக்குத் துளையிடப் போகிறார்கள். என்ன செய்யட்டும்?

அம்மா, அவர்கள் ஆரம்பிக்கும் முன்பே தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். மாநில அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் குளோரைடு, பேரியம், ஸ்ட்ரான்சியம், மீத்தேன் நான்கையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ராக்கிங் (தண்ணீரை அழுத்திச் செலுத்திப் பாறையை உடைத்து கேஸ் எடுக்கும்) கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்த 12 மாதத்துக்குள் தண்ணீர் கெட்டால், கம்பெனிதான் காரணம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். முன்பே கெட்டிருந்தது என்று அவர்கள் வாதாடினால் உங்கள் கையில் காகிதம் வேண்டும். கம்பெனி ஆள் இலவசமாக மாதிரி எடுக்க வந்தாலும், தனியாக ஒன்று எடுத்துவையுங்கள்.

டவுன்ஷிப் அந்தப் பணத்தை எதற்குச் செலவழித்தது என்று எங்கே பார்ப்பது?

டவுன்ஷிப் ஏப்ரல் 15க்குள் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்துக்கு அறிக்கை தர வேண்டும். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். 5 வேலை நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும், அவகாசம் கேட்டால் இன்னும் 30 நாள். 'இருப்பு நிதியில் எவ்வளவு, எந்தச் சாலைக்கு எவ்வளவு' என்று குறிப்பாகக் கேளுங்கள், தம்பி. 'எல்லாக் கணக்கும் வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் தள்ளிவிடுவார்கள்.