பொடி உதிரும் கொங்கிறீற் முற்றம்

கேள்வி: எங்கள் முற்றத்துக்குக் கடந்த ஆண்டு கொங்கிறீற் போட்டோம். இப்போது கூட்டும்போதெல்லாம் வெண்பொடி எழுகிறது. கிணற்றடியிலும் போட இருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
வாசகி, பருத்தித்துறை

பதில்: கொங்கிறீற் இட்ட சிறிது நேரத்தில் அதன் மேல் நீர் ஊறி மினுங்கும், அது வற்றுமுன்பே, ஈரத்தை உறிஞ்சட்டும் என்று உலர்ந்த சீமெந்தைத் தூவி இரும்புக் கரண்டியால் தேய்த்துவிடுவதே இப்படிப் பொடி உதிர்வதற்கு மிகப் பொதுவான காரணம். நீர் மிகுந்த அந்த மேற்படை வலுவின்றி இறுகுகிறது. மினுக்கம் மறைந்து, காலடி சுமார் 5 மில்லிமீற்றர் மட்டுமே பதியும் நிலை வரும்வரை மேசனைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். பிறகு மரப்பலகையால் தேய்த்து முடித்தாலே போதும். கிணற்றடி வழுவழுப்பாக இருந்தால் வழுக்கும்.

அடிமண்ணை முதலில் நனைத்து நன்றாக இறுக்குங்கள். நீர் தேங்கி நிற்கக் கூடாது. கடலோரக் கிணறுகளில் உவர் ஏறியிருப்பதுண்டு. கம்பி வைப்பதாயின் அந்த நீரைக் குழைக்கவோ நனைக்கவோ பயன்படுத்தவே வேண்டாம், ஏனெனில் உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து தளத்தை வெடிக்க வைக்கும். சோளகக் காற்றில் மேற்பரப்பு விரைவாகக் காய்ந்து மயிர்வெடிப்பு விழும்; ஆகவே வெயில் தாழ்ந்தபின் போட்டு, முடித்தவுடன் பொலித்தீனால் மூடி, மறுநாள் முதல் குறைந்தது 7 நாட்களுக்கு ஈரச்சாக்கு விரித்து, அது காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய முற்றத்தைக் கம்பித் தூரிகையால் உரஞ்சிக் கழுவி, காய்ந்தபின் சோடியம் சிலிக்கேற்றுத் திரவம் பூசினால் பொடி பெரும்பாலும் அடங்கும்.