அண்ணாச்சி பதில்கள்: வாய்க்கால் மீன் வீட்டுத் தொட்டியில்

சென்ற இதழில், தங்கமீனை வாங்கிக் கொன்றுகொண்டிருப்பதற்கு நம் வாய்க்கால் மீனை வளர்க்கலாமே என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க மீன்தான். கத்தரிக்காய்ப் பூச்சி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணாச்சி, நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். கன்னடியன் கால்வாயில் கெண்டைக் குஞ்சு இருபது பிடித்துவந்து இரண்டடித் தொட்டியில் விட்டேன். முதல் நாள் நன்றாக ஓடின. மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சாகின்றன. தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுகிறேன். பில்டர் பஞ்சைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவினேன். என்ன குறை வைத்தேன்?
— மு.செ., வீரவநல்லூர்

குறை எதுவும் வைக்கவில்லை தம்பி, எல்லாமே கூடுதல். மீன் கூடுதல், சுத்தம் அதைவிடக் கூடுதல்.

மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை விடுகிறது. கால்வாயில் ஓடுகிற தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். உன் தொட்டியில் அது அங்கேயே நிற்கிறது. அதைத் தின்பதற்கென்று நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அதை மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். இந்த நுண்ணுயிர்கள் குடியிருப்பது பெரும்பாலும் பில்டர் பஞ்சிலும் மணலிலும்தான். புதுத் தொட்டியில் அவை பெருகி நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீ வரவிடாமல் சோப்புப் போட்டுவிட்டாய். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் என்றால் இன்னொரு சங்கடமும் உண்டு. தண்ணீரில் காரத்தன்மை ஏற ஏற, சூடு ஏற ஏற, அதே அளவு அம்மோனியா இன்னும் கொடியதாகிவிடும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். மிச்சமிருக்கும் மீனைப் பிடித்த இடத்திலேயே இன்றைக்கே விட்டுவிடு. வேறு ஊர் மீனோ கடை மீனோ கூட இருந்ததென்றால் விடாதே, அதற்குக் காரணம் கடைசியில் வருகிறது. தொட்டியில் ஆற்று மணல், இரண்டு கூழாங்கல், ஏர் பம்ப்போடு பஞ்சு பில்டர் போட்டு ஓடவிடு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி வைத்திருக்கும் நண்பனிடம் பழைய பஞ்சை, அழுக்கோடு, கேட்டு வாங்கி உள்ளே போடு. ஒரு மாதம் கழித்து இரண்டு மூன்று மீன். அவை தேறினால் இன்னும் இரண்டு. வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்று. பஞ்சை அலச வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் வாளியில் ஏர் பம்ப் ஓடவிட்டு அப்புறம் ஊற்று.

பிடிப்பது எப்போது என்று நீ கேட்கவில்லை, ஆனால் நான் சொல்ல நினைப்பதே அதுதான். பிசானம் என்கிற பின்பருவ நெல்லின் அறுப்பு முடிந்து கால்வாயை அடைத்ததும் மதகுக்குக் கீழேயும் பாலத்தடியிலும் குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கும். பத்து நாள் வெயிலில் அது வற்றிவிடும். அதில் சிக்கிய குஞ்செல்லாம் கொக்குக்கும் நாய்க்கும்தான். எடுப்பதென்றால் அங்கே எடு. ஓடுகிற தண்ணீரில், அதுவும் மழைக்குப் பிறகு முட்டையிட ஏறி வரும் நேரத்தில், கை வைக்காதே.

காலை ஏழு மணிக்குள் போய்விடு. இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்த பழைய கொசுவலைத் துணி போதும். துணியைத் தண்ணீருக்கு மேலே தூக்காதே. மீன் துணிக்குள் வந்ததும் பிளாஸ்டிக் கோப்பையால் தண்ணீரோடு சேர்த்து மொண்டு வாளிக்கு மாற்று. மீன் உடம்பு மேலே இருக்கிற வழவழப்பு கையில் ஒட்டிக்கொண்டு போனால், அந்த இடத்தில் மூன்றாம் நாள் பஞ்சு மாதிரிப் பூஞ்சை பிடிக்கும். விரல் நீளத்துக்குக் குறைந்ததையே எடு. பெரிய மீனுக்குக் கண்ணாடியில் முட்டிக்கொள்வதே வேலையாகிவிடும். வாளியில் பாதித் தண்ணீர், மேலே ஈரத் துணி. வீட்டுக்கு வந்ததும் கொட்டிவிடாதே. ஏர் பம்ப் குழாயில் ஒரு முடிச்சைப் போட்டுத் தொட்டித் தண்ணீரை வாளிக்குள் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் இறக்கு. மலையிலிருந்து வரும் கால்வாய்த் தண்ணீர் உப்புக் குறைந்தது, போர் தண்ணீர் உப்புக் கூடியது. ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது.

உடம்பில் நூல் குத்தி நிற்பது போலத் தெரிந்தால் அது நங்கூரப் புழு. வற்றிய குட்டையில் பிடிக்கும் மீனில் அடிக்கடி இருக்கும். மீனை ஈரத் துணியில் பிடித்து, முள் எடுக்கும் சாமணத்தால் அடியோடு பிடுங்கிவிட்டுப் பத்து நாள் தனி வாளியில் வை.

குளம் என்றால் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். இரண்டு குஞ்சுக்கு யாரும் மறுக்க மாட்டார்கள். கேட்காமல் எடுத்தால் சண்டை.

மீன் தொட்டியை வாஸ்துப்படி எந்த மூலையில் வைக்க வேண்டும்?
— ரா. கோமதி, சங்கரன்கோவில்

மேற்கு வெயில் விழாத மூலையில். மூன்றடித் தொட்டி தண்ணீர், மணலோடு 100 கிலோவுக்கு மேல் கனக்கும். வாஸ்துவைக் காட்டிலும் மேசைக் காலைப் பாருங்கள் அம்மா.

குழம்புக்கு உயிரோடு அயிரை வாங்கினோம். என் மகள் அதில் நான்கை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்கிறாள். இது வளருமா?
— ச. பாண்டியம்மாள், மதுரை

மகள் பக்கம்தான் நான். நன்றாக வளரும், ஆனால் குடுவையில் அல்ல. அயிரைக்கு வேண்டியது மணல். கடையில் விற்கும் நீலக்கல், பச்சைக்கல் வேண்டாம், மீசை தேய்ந்து புண்ணாகிவிடும். சலித்த மெல்லிய ஆற்று மணலை இரண்டு விரல் உயரம் பரப்புங்கள். விட்டவுடன் நான்கும் காணாமல் போகும், பதறாதீர்கள். கொஞ்ச நேரத்தில் மணலில் இரண்டு கண் மட்டும் தெரியும். பிறகு ஒன்று தலையை நீட்டி, வாய் நிறைய மணலை அள்ளி, தின்பதைத் தின்றுவிட்டு மிச்சத்தைச் செவுள் வழியே தூசியாகத் துப்பும். குழம்பு வைக்குமுன் பாலில் விட்டு மண்ணைக் கக்க வைக்கிறோமே, அந்த மண் வயிற்றுக்குப் போகிற வழி இதுதான்.

அவ்வப்போது விருட்டென்று மேலே வந்து ஒரு மடக்குக் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகும். குடலாலும் மூச்சு வாங்கத் தெரிந்த மீன் அது, சேற்றில் பிழைப்பதற்காக. எந்நேரமும் அப்படியே செய்தால் மட்டும் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தம். தீனி அடியில் போய் விழ வேண்டும், மேலே மிதக்கிற உருண்டை இதற்கு உதவாது. நோய் வந்தால் கடைக்காரர் சொல்கிற மருந்தை முழு அளவில் ஊற்றாதீர்கள். செதில் இருந்தும் இல்லாத மாதிரியான தோல், மருந்து சட்டென்று ஏறிவிடும்.

நான்கு போதாது, இன்னும் நான்கு சேருங்கள். குழம்பில் குறைந்தால் வீட்டுக்காரருக்குத் தெரியவா போகிறது?

கல்லொட்டி மீன் இரண்டை அருவிக்கு மேலே காட்டோடையில் பிடித்துவந்தேன். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்றார்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இருந்து மெலிந்துவிட்டன. ஏன்?
— க.வே., தென்காசி

முதலில் காட்டோடை. புலிகள் காப்பகம், சரணாலயம், காப்புக்காடு இவற்றுக்குள் ஓடுகிற தண்ணீரில் ஒரு மீன் எடுத்தாலும் அனுமதியில்லாமல் எடுத்தால் குற்றம்தான். களக்காடு முண்டந்துறையை ஒட்டி இருக்கிற நமக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. நிறையப் பேர் குடும்பத்தோடு குளிக்கப் போய் பாட்டிலில் மீனோடு இறங்குகிறார்கள். சோதனைச் சாவடியில் மாட்டாததால் அது சரியாகிவிடாது. வெடித் தோட்டா போட்டும் விஷ மருந்து கலக்கியும் பிடிப்பதை 1897 மீன்வளச் சட்டமே தடை செய்துவிட்டது. இன்னும் நடக்கிறது என்பது வேறு கதை.

சரி, மீனுக்கு வருவோம். கல்லொட்டியின் வாய்க்குக் கீழே உறிஞ்சுதட்டு மாதிரி ஒன்று இருக்கும், புரட்டிப் பார்த்தால் தெரியும். பாறையில் விழுகிற தண்ணீரில் அடித்துப் போகாமல் நிற்பதற்கு அது. அந்த வேகத்தில் நுரைத்த தண்ணீரின் ஆக்சிஜன்தான் அதற்குப் பழக்கம். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். உங்கள் முன்னறைத் தொட்டி கோடையில் 31, 32-க்குப் போகும். கண்ணாடியில் ஒட்டி நிற்கிறதே, அது பசிக்கு மேய்வதாக நினைக்கிறீர்கள். தண்ணீர் வந்து விழும் முனைக்குப் பக்கத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது மூச்சுக்கு நிற்கிறது.

பாசியும் இரண்டு நாளில் தீர்ந்திருக்கும். பிறகு பட்டினி. தொட்டி துடைக்கிற ஆளாக எந்த மீனையும் எடுத்துவராதீர்கள், அதற்குத்தான் கையும் பஞ்சும் இருக்கிறது. வைத்திருக்கும் இரண்டுக்கும் தண்ணீரைத் தள்ளுகிற சிறு மோட்டாரைத் தொட்டியின் ஒரு முனையில் பொருத்துங்கள். எதிர் முனை வரை தண்ணீர் ஓட வேண்டும். வழியில் உருண்டைக் கற்கள். அதே மாதிரி நான்கைந்து கற்களை மாடியில் வெயிலில் வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள், பாசி படிந்ததும் உள்ளே இருப்பதோடு மாற்றிக்கொண்டே இருங்கள். கொதிக்கும் நீரில் போட்டெடுத்த கீரை, வெள்ளரித் துண்டும் தின்னும்.

கொளத்தூர் கடைகளில் 'மிஸ் கேரளா' என்று சிவப்புக் கோடு போட்ட மீனைப் பார்த்தேன். நம் நாட்டு மீன்தானாமே, வாங்கலாமா?
— வி. நித்யா, சென்னை

நம் நாட்டு மீன் என்பதுதான் அதற்கு வினை. பெரும்பாலும் கேரளத்தின் மலையோடைகளில், சில இடங்களில் மட்டும் இருந்த மீன். வெளிநாட்டுத் தொட்டிகளுக்காக அள்ளி அள்ளி ஏற்றுமதி செய்தார்கள். 2008-இல் கேரள அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதில் சொன்ன தடை மாதங்கள் மீன் முட்டையிடும் பருவத்தோடு பொருந்தவில்லை என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையிலும் ஏறிவிட்டது. பண்ணையில் பிறந்தது என்று கடைக்காரர் சொல்வார். காகிதம் கேளுங்கள். முகம் மாறினால் வந்துவிடுங்கள்.

எங்கள் தாமிரபரணியிலேயே அதைவிட அரிதான ஒன்று இருக்கிறது. டாகின்சியா தாம்பிரபரணியை என்று பெயர். 1954-இல் சைலஸ் என்ற மீனியலாளர் விவரித்தது. இந்த ஆற்றைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பரிணாமம் பற்றி எழுதும் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் பெயரை 2012-இல் அந்தப் பேரினத்துக்கு வைத்தார்கள். கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் துணி துவைப்பவர்களுக்கு அவரைத் தெரியாது, மீனைத் தெரியும். அதன் பங்காளி, வால் பக்கம் ஒற்றைக் கறுப்புப் பொட்டு வைத்த மீன், வாய்க்காலெங்கும் தாராளமாக இருக்கிறது. வளர்க்க அது அருமையான மீன். வளர்ந்த ஆணுக்கு முதுகுத் துடுப்பு நூல் நூலாக நீண்டு தொங்கும், நான்கடித் தொட்டியில் ஆறேழு சேர்த்து விட்டால் இரண்டு ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று துடுப்பை விரித்துக் காட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் குஞ்சில் இரண்டுக்கும் உடம்பில் பட்டை இருக்கும், வளர வளரப் பொட்டு மீனுக்கு மறையும், அரிதானதற்கு மறையாது. அதனால் ஆற்றில் பட்டையுள்ள குஞ்சு கிடைத்தால் பேசாமல் விட்டுவிடுவது நல்லது. வாய்க்கால் குட்டையில் பொட்டு தெளிவாகத் தெரிகிற அளவு வளர்ந்ததை எடுங்கள்.

சென்னையில் இருக்கும் உங்களுக்கு இதெல்லாம் தூரம். உள்ளூரிலேயே, மேல் தண்ணீரில் தலையில் வெள்ளிப் பொட்டோடு மிதக்கும் சிறு மீன் குளம் குட்டைகளில் இருக்கும். கொசுப்புழுவைப் பொறுக்கித் தின்னும். மூடி மட்டும் மறக்காதீர்கள், எகிறிக் குதிப்பதில் மன்னன்.

வீடு மாறுகிறோம். தொட்டி மீன்களை (கப்பி, சக்கர், கொஞ்சம் நாட்டுக் கெண்டை) ஊர்க் குளத்தில் விட்டுவிடலாமா? கொசுவாவது ஒழியுமே.
— ஜெ. அந்தோணி, தூத்துக்குடி

வேண்டாம். நாட்டுக் கெண்டையும் வேண்டாம். கடை மீனோடு ஒரே தண்ணீரில் இருந்தது, என்ன நோயைச் சுமக்கிறதோ. கொசுவுக்கென்று 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா நம் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று பெருகியிருக்கிறது. சக்கர் மீனை வீசியவர்களால் பல ஏரிகளில் வலை போட்டால் அந்த முள்ளுமீன்தான் ஏறுகிறது, வலையும் கிழிகிறது. வளர்க்கிற யாருக்காவது கொடுங்கள், கடையில் சும்மா கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள்.

கோயில் கொடைக்கு ஒரு வாரம் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து மீனுக்குத் தீனி போடச் சொல்லலாமா?
— பெ. இசக்கிமுத்து, மும்பை

வளர்ந்த மீன் ஒரு வாரம் தின்னாமல் கிடக்கும், ஒன்றும் ஆகாது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கால் பங்கு தண்ணீர் மாற்றிவிட்டுப் போங்கள். கரண்ட் போய் வந்தால் பம்ப் ஓடுகிறதா என்று பார்க்கச் சாவி கொடுங்கள், தப்பில்லை. தீனி டப்பாவை மட்டும் உங்கள் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.